ஒரே விழுக்காடு, பல விளக்கங்கள்: வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கம் குறித்த கணித மாதிரிகளும் கொடைக்கானல் மலையூரும்

ஆய்வுச் சுருக்கம்

போதைப் பழக்கத்தைத் தொற்றுநோயாகக் கருதி அமைக்கப்பெறும் கணித மாதிரிகள், பழக்கம் பழகுவோரிடமிருந்தே பழகாதோருக்குப் பரவுகிறது என்னும் எடுகோளைச் சமன்பாட்டுக்குள் வைத்துவிட்டு, அதையே முடிவாகவும் வெளியே எடுக்கின்றன. சுற்றுலாவால் வாழும் மலையூராகிய கொடைக்கானலை முன்னிறுத்திப் பார்க்கும்போது இவ்வெடுகோளின் வலுவின்மை புலனாகிறது. வெளியிலிருந்து வரும் தூண்டலைச் சமன்பாட்டில் சேர்த்தால் 'அடிப்படைப் பெருக்க எண்' என்னும் அளவுகோல் தன் தீர்ப்பளிக்கும் ஆற்றலை இழக்கிறது என்பதை இக்கட்டுரை எளிய கணக்கின் வழி காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கணித மாதிரி, போதைப் பழக்கம், வளரிளம் பருவம், பெருக்க எண், கொடைக்கானல், பழனி மலை

முன்னுரை

1927ஆம் ஆண்டு கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரும் கொள்ளைநோய்ப் பரவலுக்கான கணிதக் கோட்பாட்டை வெளியிட்டனர். மக்களை நோய் பற்றத்தக்கோர், நோயுற்றோர், நீங்கியோர் எனப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு நகரும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளால் குறிப்பது அதன் முறை. தம் கோட்பாட்டுக்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்டது 1905–06இல் பம்பாய்த் தீவில் நிகழ்ந்த பிளேக் சாவுகளின் வாரக் கணக்கு. வரைந்த கோடும் கண்ட புள்ளிகளும் வியப்பளிக்கும் வகையில் ஒத்துப்போயின. இன்றும் பாடநூல்களில் அப்படம் இடம்பெறுகிறது.

ஆனால் பம்பாயில் பரவிய பிளேக் பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியதன்று. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே மனிதனுக்கு வந்தது. கராச்சியில் சிமோன் 1898இல் இதைக் கண்டறிந்து கூறியிருந்தார். பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆய்வுக் குழுவும் பின்னர் இதை உறுதிப்படுத்தியது. எலியும் பருவ மாற்றமும் இடம்பெறாத சமன்பாடு எலியால் வந்த சாவுகளோடு அழகாகப் பொருந்தியது. இப்பொருத்தம் எவ்வளவு தற்செயலானது என்பதை 2012இல் பக்காயேர் விரிவாக ஆராய்ந்துள்ளார். கோடு பொருந்துவதால் மட்டும் காரணம் மெய்யாகிவிடாது என்பதற்கு இந்திய மண்ணிலேயே கிடைக்கும் முதன்மைச் சான்று இது. இச்சான்றை நினைவில் கொண்டே போதைப் பழக்க மாதிரிகளை அணுகுதல் பொருந்தும்.

நோயிலிருந்து பழக்கத்துக்கு

எரோயின் பழக்கத்தைக் கொள்ளைநோயாகக் கொண்டு மாதிரி அமைக்கும் முயற்சியை 1979இலேயே மக்கின்டாஷும் ஸ்டூவர்ட்டும் மேற்கொண்டனர். எனினும் இத்துறையின் பிற்கால ஆய்வுகளில் பலவற்றுக்கு வேராக அமைந்தது 2007இல் வைட், காமிஸ்கி இருவரும் அயர்லாந்துச் சூழலை மனத்தில் கொண்டு எழுதிய கட்டுரையே. அவர்கள் 15 முதல் 64 வயது வரையுள்ள மக்களை மூன்று பிரிவுகளாக்கினர்: பழக்கத்துக்கு ஆளாகத்தக்கோர், சிகிச்சை பெறாது பயன்படுத்துவோர், சிகிச்சையில் இருப்போர். முதற்பிரிவினர் இரண்டாம் பிரிவினரோடு கொள்ளும் தொடர்பின் அளவுக்கேற்பப் புதிய பயன்பாட்டாளர் உருவாகின்றனர். சிகிச்சையில் இருப்போரும் அதே தொடர்பால் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பக்கூடும்.

இம்மாதிரியின் மதிப்பைக் குறைத்துரைப்பது நேர்மையாகாது. மீள்பழக்கத்தின் வேகம் ஒரு வரம்பைக் கடந்தால், பெருக்க எண் ஒன்றுக்குக் கீழே இறங்கிய பின்னரும் பழக்கம் ஊரைவிட்டு நீங்காது நிலைக்கலாம் என்பதை அது வெளிப்படுத்தியது. சிகிச்சை மையத்தின் கட்டில்களை எண்ணிக் காட்டுவதால் மட்டும் பயனில்லை, வெளியேறியவர் திரும்பி வராதிருக்கச் செய்வதே முதன்மை என்பதைக் கணித மொழியில் சொல்லிய கட்டுரை அது. வருமுன் காத்தலே சிகிச்சையினும் பயன்மிக்கது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு.

அம்முடிவு எங்கிருந்து வந்தது என்பதே வினா. அம்மாதிரியில் பெருக்க எண் என்பது தொடர்பு வீதத்தைச் சிகிச்சைக்குச் செல்லும் வீதம், இறப்பு வீதம், பிற வகையில் நீங்கும் வீதம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண். தொடர்பு வீதம் தொகுதியில் தனித்து நிற்கிறது. சிகிச்சை வீதமோ பகுதியில் பிறவற்றோடு கலந்து நிற்கிறது. ஆகவே தொடர்பு வீதத்தை மாற்றினால் எண் மிகுதியாக மாறும். சிகிச்சை வீதத்தை மாற்றினால் குறைவாகவே மாறும். எந்த ஊரின் தரவை இட்டாலும் இவ்விடையே வரும். அயர்லாந்து இம்முடிவை வழங்கவில்லை. சமன்பாட்டின் அமைப்பே வழங்கிற்று.

பின்வந்தோர் இதில் கால இடைவெளியைச் சேர்த்தனர், வயதைச் சேர்த்தனர், பின்ன வரிசை வகைக்கெழுக்களைச் சேர்த்தனர். நிலைப்புத் தேற்றங்கள் பெருகின. அதே விகிதத்தில் கணக்கெடுப்புகள் பெருகின என்று கூற இயலாது. விலக்காக ஒன்றைச் சுட்டலாம். பெரேன்ஸ், கால்கின்ஸ், டிராக்லர், ஃபைக்டிங்கர் ஆகியோர் கோகெயின் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, இலேசாகப் பயன்படுத்துவோர் புதியவரை ஈர்க்க, மிகுதியாகப் பயன்படுத்திச் சீரழிந்தோரின் தோற்றமே புதியவரை அச்சுறுத்தி விலக்குகிறது என்னும் எதிர்விளைவையும் சமன்பாட்டில் இடம்பெறச் செய்தனர். கிருமிக்கு இப்பண்பு இல்லை. நோயுற்றவனைக் கண்டு அஞ்சுவதனால் அம்மை தொற்றாமல் போவதில்லை.

0.9 விழுக்காட்டின் கதை

இந்தியாவில் இப்பொருள் குறித்துக் கிடைக்கும் மிக விரிந்த தரவு, சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சார்பு சிகிச்சை மையம் மேற்கொண்டு 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதில் அணுகப்பட்டன. 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 0.9 விழுக்காடு எனவும், முகர்ந்து போதையேற்றும் கரைப்பான்களைப் பயன்படுத்துவோர் 1.17 விழுக்காடு எனவும் அது மதிப்பிட்டது. பிந்தைய வகை ஒன்றில் மட்டுமே சிறாரின் விழுக்காடு பெரியோரின் விழுக்காட்டை விஞ்சியிருந்தது.

இந்த 0.9 என்னும் எண்ணை மிக எளிய தொற்று மாதிரியொன்றில் இட்டுப் பார்க்கலாம். பயன்படுத்துவோர், பயன்படுத்தாதோர் என இரு பிரிவுகள். தொடர்பால் ஒருவர் உள்ளே வருகிறார். கைவிட்டோ, 18 வயது நிரம்பியோ வெளியேறுகிறார். (18 நிரம்பியவர் நலமடைந்தவராகவே அட்டவணையிலிருந்து மறைகிறார். வளரிளம் பருவத்துக்கெனத் தனி மாதிரி அமைக்கும் கட்டுரைகள் இவ்வினோதத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.) சமநிலையில் பயன்படுத்துவோரின் பங்கு, ஒன்றிலிருந்து பெருக்க எண்ணின் தலைகீழைக் கழித்தால் கிடைப்பது. பங்கு 0.009 எனில் பெருக்க எண் 1.009.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சிறாரிடையே நிகழும் நூறு தொடர்புகளில் ஒன்றை மட்டும் தடுத்துவிட்டால் எண் 0.999 ஆகி ஒன்றுக்குக் கீழ் இறங்கும். நாட்டின் சிறாரிடையே கஞ்சாப் பழக்கம் அடியோடு அழிந்துபோகும். எந்தத் தலைமையாசிரியரும் எந்தக் காவல் ஆய்வாளரும் இதை நம்பமாட்டார். பழக்கம் அரிதாக இருக்கும் எந்த ஊரிலும், எந்தப் பொருளுக்கும் இம்மாதிரி ஒன்றையொட்டிய எண்ணையே தரும். அந்த எண் நாட்டைப் பற்றி எதுவும் கூறவில்லை. அனைவரும் ஒரே அளவில் ஆளாகத்தக்கோர் என்னும் எடுகோளே அதன் வாயிலாகப் பேசுகிறது.

எடுகோளை மாற்றினால் எண்ணும் மாறுகிறது. சிறாரில் 5 விழுக்காட்டினரே மெய்யாக ஆளாகத்தக்க சூழலில் உள்ளனர் எனக் கொண்டால், அவர்களுக்குள் பழக்கம் 18 விழுக்காடு. பெருக்க எண் 1.22. 2 விழுக்காட்டினரே எனக் கொண்டால், அவர்களுக்குள் 45 விழுக்காடு. பெருக்க எண் 1.82. முதல் நிலையில் தொடர்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தல் வேண்டும். இரண்டாம் நிலையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். சிறார் ஒருவரிடமிருந்து மற்றொருவர் பழகுவதே இல்லை, அனைவரும் வெளியிலிருந்தே பெறுகின்றனர் எனக் கொண்டாலும் அதே 0.9 கிடைக்கும். ஒருவர் சராசரியாக நான்கு ஆண்டுகள் பயன்பாட்டில் இருப்பதாகக் கொண்டால், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு இருவர் அல்லது மூவர் வெளித்தூண்டலால் புதிதாகச் சேர்ந்தாலே அதற்குப் போதும். அப்போது பெருக்க எண் சுழியம்.

சுழியம், 1.009, 1.22, 1.82 என்னும் நான்கும் ஒரே தரவோடு குறையின்றிப் பொருந்துகின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் அத்தேர்வு தரவிலிருந்து வந்ததாகாது.

இருவகைச் சுழியங்கள்

இச்சிக்கலை மெக்கென்ட்ரிக் அறியாதவர் அல்லர். இந்திய மருத்துவப் பணியில் இருந்து கசௌலி பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய அவர், 1926இல், அதாவது புகழ்பெற்ற கட்டுரைக்கு ஓராண்டு முன்னர், இந்தியச் சிற்றூர் ஒன்றின் காலராக் கணக்கை ஆராய்ந்தார். 223 வீடுகளில் 168இல் ஒருவருக்கும் நோய் இல்லை. 32இல் ஒருவர், 16இல் இருவர், 6இல் மூவர், ஒரு வீட்டில் நால்வர். இந்த 168 சுழியங்களும் ஒருதன்மையவை அல்ல என்று அவர் கண்டார். நோய்க்கு வழியே இல்லாத வீடுகள் ஒருவகை. வழி இருந்தும் தப்பிய வீடுகள் மற்றொரு வகை. நோயுற்ற வீடுகளின் பரம்பலை மட்டும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, நோய் எட்டக்கூடிய நிலையில் இருந்தவை ஏறத்தாழ 90 வீடுகளே என அவர் மதிப்பிட்டார். அதன்படி 168 சுழியங்களில் ஏறத்தாழ 130 வீடுகளுக்கு அந்த ஆபத்தோடு தொடர்பே இல்லை.

போதைப் பழக்க மாதிரிகள் மெக்கென்ட்ரிக்கின் 1927ஆம் ஆண்டுச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, 1926ஆம் ஆண்டு வினாவைக் கைவிட்டுவிட்டன. போதைக் கணக்கெடுப்பில் சுழியங்கள் இருவகையல்ல, மூவகை: எட்டாதவர், எட்டியும் மறுத்தவர், பயன்படுத்தியும் 'இல்லை' என்றவர். பெற்றோர் அருகிருக்க வீட்டு வாசலில் கேட்கப்படும் வினாவுக்குப் பதின்மூன்று வயதுச் சிறுவன் தரும் விடை எவ்வகையில் அடங்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். தேசியக் கணக்கெடுப்பு இக்குறையை உணர்ந்தே, வீட்டுவாரிக் கணக்கோடு, பயன்படுத்துவோர் வழியே பிற பயன்படுத்துவோரை அறியும் சங்கிலி முறையையும் கையாண்டது. மாதிரி அமைப்போர் பெரும்பாலும் இறுதி விழுக்காட்டை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர்.

மூடப்படாத ஊர்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் மேல்தளத்தில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல், 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் குடியமர்ந்ததிலிருந்தே வெளியாருக்காக வளர்ந்த ஊர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊர்திகளுக்கு மின்-அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை நாளொன்றுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 ஊர்திகள் என வரம்பும் இடப்பட்டது. ஊர்திக்கு நால்வர் எனக் கொண்டால் வரம்புக்குட்பட்ட ஒரு வார இறுதி நாளிலேயே 24,000 பேர் நுழையலாம். இது மேற்சொன்ன மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கு. அரசுப் பேருந்துகளில் வருவோர் இக்கணக்கில் அடங்கார்.

தொற்று மாதிரியின் அடித்தளமோ மூடிய மக்கள்தொகை. அதனுள் எவரும் எவரையும் ஒரே வாய்ப்போடு சந்திக்கும் சீரான கலப்பு. கொடைக்கானலில் இவ்விரண்டும் இல்லை. விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மாணவர், ஏரிக்கரையில் குதிரை பிடிக்கும் சிறுவன், ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மன்னவனூரில் பூண்டும் கேரட்டும் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை ஆகிய மூவரும் ஒரே வட்டத்தில் இருந்தும் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது. ஆனால் மூவரும் சுற்றுலா வருவோரைச் சந்திக்கின்றனர். அதுவும் வெவ்வேறு முறையில்.

வெளியிலிருந்து வரும் தூண்டலை ஓர் உறுப்பாகச் சமன்பாட்டில் சேர்த்தால் நிகழ்வது எளிது, ஆயினும் அதன் விளைவு பெரிது. ஊரில் பயன்படுத்தும் சிறார் ஒருவரும் இல்லாத நிலையிலும் புதியவர் உருவாகிக்கொண்டே இருப்பர். 'போதையற்ற சமநிலை' என்பதே சமன்பாட்டில் இல்லாமற் போகிறது. பெருக்க எண் ஒன்றுக்கு மேலா, கீழா என்னும் வினா அச்சமநிலையின் நிலைப்பைப் பற்றியது. சமநிலையே இல்லாதபோது வினாவும் பொருளிழக்கிறது. பெருக்க எண் அப்போது வாசலாக அன்றிப் பெருக்கியாகச் செயற்படுகிறது. எடுத்துக்காட்டாக, பழக்கம் அரிதாக உள்ள நிலையில் அவ்வெண் 0.5 எனில், வெளித்தூண்டலால் மட்டும் விளையக்கூடிய பழக்கத்தைச் சிறாரின் தோழமைத் தொடர்பு ஏறத்தாழ இருமடங்காக்கும். அத்தொடர்பின் தாக்கத்தை முற்றிலும் அறுத்தாலும் பாதி எஞ்சி நிற்கும்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடெங்கும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிரான உறுதிமொழி ஏற்றனர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதை எதிர்ப்பு மன்றங்கள் தொடங்கப்பட்டன. இவை தோழமைத் தொடர்பை நோக்கிய முயற்சிகள், வேண்டத்தக்கவையே. ஆயினும் தொற்று மாதிரியை நம்பும் ஆய்வாளர் இவை மட்டுமே போதும் என்று எழுதும்போது, மலையூரில் எஞ்சி நிற்கும் அந்தப் பாதிக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. பம்பாய் வரைகோட்டில் இல்லாத எலியைப் போல, இங்கே வணிகம் இல்லை.

சுமப்பவன் எந்தப் பிரிவு?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவ்விடத்தில் கணிதத்தைவிட நுட்பமாகச் சிந்தித்துள்ளது. அதன் 77ஆம் பிரிவு சிறாருக்கு மது, போதைப்பொருள், புகையிலை தருவோரைத் தண்டிக்கிறது. 78ஆம் பிரிவு சிறாரைக் கொண்டு அவற்றை விற்கவோ, சுமக்கவோ, கடத்தவோ செய்வோரைத் தண்டிக்கிறது. இரண்டுக்கும் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. பயன்படுத்தாமலே சுமக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்பதைச் சட்டம் அறியும். மாதிரியின் மூன்று பிரிவுகளில் அவனுக்கு இடமில்லை. பயணிக்காக ஒரு பொட்டலத்தை வாங்கிவரும் சிறுவன் நாளடைவில் அதைச் சுவைத்துப் பார்த்தால், மாதிரி அவனை 'தொடர்பால் ஆளானவன்' என்று பதிந்து, அடுத்த நொடியே அவனைத் தொற்றுவிப்போர் பிரிவிலும் சேர்த்துவிடுகிறது. அவனுக்குக் கூலி கொடுத்தவர் மலையிறங்கிப் போயிருப்பார்.

கொடைக்கானலின் பெயரோடு செய்தித்தாள்களில் மிகுதியும் இணைத்துப் பேசப்படும் போதைக் காளானும் இங்குக் கருதத்தக்கது. மழைக்காலத்தில் புல்வெளிகளில் தானே முளைக்கும் இக்காளானின் வேதிப்பொருளான சைலோசைபின், 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. காளானையே கலவையாகக் கருத இயலாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2025 சனவரியில் ஒரு பிணை ஆணையில் கூறியது. சட்டநிலை எவ்வாறாயினும், மருத்துவ நோக்கில் இப்பொருள் உடல்சார்ந்த சார்புநிலையைத் தோற்றுவிப்பதாக அறியப்படவில்லை. இதன் கேடு வேறுவகை: திடீர் அச்சம், மயக்கத்தில் நேரும் விபத்து, நச்சுக் காளானைத் தவறாக உண்ணுதல். சிகிச்சைப் பிரிவும் மீள்பழக்கப் பிரிவும் கொண்ட மாதிரியில் இதை எங்கே வைப்பது? ஊரின் பெயரைக் கெடுத்த பொருள் ஒன்று. ஊர்ச் சிறாரைத் தொடர்ந்து சார்புநிலையில் வைக்கக்கூடிய மது, புகையிலை, கஞ்சா, கரைப்பான் ஆகியவை வேறு. 'போதை' என்னும் ஒரே சொல் இவற்றை ஒரே மாறியாக்கிவிடுகிறது.

சோதித்தறியும் வழி

வெளித்தூண்டலையும் தோழமைத் தாக்கத்தையும் ஒரே ஒரு விழுக்காட்டிலிருந்து பிரித்தறிய முடியாது என்பது மேலே காட்டப்பட்டது. ஒத்த நண்பர்கள் ஒத்தே பழகுவது தாக்கத்தாலா, தேர்வாலா என்பதைப் பிரித்தறியும் இடர்ப்பாட்டைப் பொருளியலறிஞர் மான்ஸ்கி 1993இலேயே சுட்டியுள்ளார். எனினும் கொடைக்கானலில் ஓர் அரிய வாய்ப்பு உள்ளது. மின்-அனுமதிச் சீட்டு முறையால் வெளியார் வருகை நாள்தோறும் பதிவாகிறது. வெளித்தூண்டலின் ஏற்ற இறக்கத்தை ஊகிக்க வேண்டியதில்லை. புதிதாகப் பழகத் தொடங்குவோர் அவ்வேற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தால் ஒரு முடிவு. பள்ளி நாள்காட்டியைப் பின்தொடர்ந்தால் மற்றொரு முடிவு. ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு உதவா. சுற்றுலாப் பருவமும் கோடை விடுமுறையும் அப்போது ஒன்றாகவே வருகின்றன. பள்ளிகள் பெரும்பாலும் திறந்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரண்டாம் பருவமே தக்க சோதனைக் களம்.

இதற்குத் தேவையானவை இரண்டு வினாக்கள்: முதன்முதலில் எந்த மாதம், யாரிடமிருந்து. அவற்றைக் கேட்பவர் யார் என்பதும் முதன்மையானது. 1893–94இல் இந்தியக் கஞ்சா ஆய்வுக் குழு, மனநோய் விடுதிகளின் ஆண்டறிக்கைகளில் 'கஞ்சாவால் வந்த பித்து' எனப் பதிவான நோயாளிகளை ஒவ்வொருவராக மீளாய்ந்தபோது, பெரும்பகுதிப் பதிவுகள் நம்பத்தக்கன அல்ல எனக் கண்டது. நோயாளியை ஒப்படைத்த காவலரோ எழுத்தரோ, காரணம் தெரியாதபோது படிவத்தின் கட்டத்தை நிரப்பக் 'கஞ்சா' என்று எழுதியிருந்தனர். மலையூர்ப் பள்ளியில் இவ்விரு வினாக்களும் கேட்கப்படுமாயின், விடைத்தாளில் பெயர் இருத்தலாகாது. தாள் காவல் நிலையத்துக்கோ தலைமையாசிரியர் அறைக்கோ செல்லாது என்பது கேட்கப்படுவதற்கு முன்னரே சிறாருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.